கையொப்பம் மட்டும் போதுமா?

திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் என்பதே அவ்வரிசை. நோயாளியே முதலில் நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இன்று பெரும்பாலும் நடப்பது என்ன? டாக்டர் பேசுகிறார், மகனோ கணவரோ கேட்டுக்கொள்கிறார். கட்டிலில் படுத்திருக்கும் பாட்டிக்கு ஒன்றுமே சொல்லப்படுவதில்லை. பிறகு ஒரு தாள் நீட்டப்படுகிறது. யாரோ ஒருவர் கையொப்பமிடுகிறார். அத்துடன் ஒப்புதல் கிடைத்துவிட்டதாக எல்லோரும் எண்ணிவிடுகிறோம். உண்மையில் ஒப்புதல் என்பது அந்தத் தாளன்று. அது நோயாளியின் மனத்தில் நிகழ வேண்டிய ஒன்று.

உண்மையான ஒப்புதல்

ஒப்புதல் செல்லுபடியாக மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, செய்யப்போவது இன்னதென்று நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, அதைப் புரிந்துகொண்டு சீர்தூக்கிப் பார்க்கும் தெளிவு அவருக்கு இருக்க வேண்டும். மூன்றாவது, அச்சுறுத்தலோ வற்புறுத்தலோ இன்றி அவர் முடிவு செய்ய வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கையொப்பம் வெறும் மைக்கோடுதான்.

எல்லாவற்றுக்கும் தாளும் பேனாவும் தேவை என்பதில்லை. நர்ஸ் இரத்த அழுத்தம் பார்க்க வரும்போது நோயாளி தாமாகவே கையை நீட்டுகிறார். அதுவும் ஒப்புதலே. அறுவை சிகிச்சை, மயக்க மருந்து போன்றவற்றுக்கோ விளக்கமும் எழுத்துப் பூர்வமான சம்மதமும் இன்றியமையாதவை.

தாய் தந்த சம்மதம்

1995-ஆம் ஆண்டு டில்லியில் நாற்பத்து நான்கு வயதான, திருமணமாகாத ஒரு பெண்மணி சிகிச்சைக்குச் சென்றார். மயக்க மருந்து கொடுத்து, கருவி மூலம் வயிற்றின் உட்பகுதியைப் பார்க்கும் சோதனைக்கு அவர் கையொப்பமிட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய வயதான தாயாரிடம் மற்றொரு சம்மதம் வாங்கப்பட்டது. அதன்பேரில் அப்பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. தமக்கு நேர்ந்தது என்னவென்று பின்னரே அவருக்குத் தெரிந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. மருத்துவர் நல்லெண்ணத்துடன்தான் செயல்பட்டார் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும், வயது வந்த, சிறிது நேரத்தில் மயக்கம் தெளியக்கூடிய ஒரு பெண்ணுக்காகத் தாய் சம்மதம் தர இயலாது என்று கூறியது. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது. உயிரைக் காக்க உடனடியாகச் செய்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு.

நோயாளிக்கு எவற்றைச் சொல்ல வேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு வகுத்துத் தந்தது: சிகிச்சை எத்தகையது, அதன் நோக்கமும் பயனும் யாவை, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் எவை, மறுத்தால் என்ன விளையும் என்பவையே அவை.

இக்கருத்து நீதிமன்றங்களுக்கு மட்டும் உரியதன்று. 1957 நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து நிபுணர்களிடையே உரையாற்றுகையில், நோயாளி தரும் அனுமதிக்கு அப்பாற்பட்டு மருத்துவருக்குத் தனி உரிமை ஏதுமில்லை என்று தெளிவுபடுத்தினார்.

ஆம்புலன்சில் என்ன செய்வது?

அதே 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 இலவச ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதில் வரும் மருத்துவ உதவியாளருக்கு அவகாசம் மிகக் குறைவு. நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் ஒப்புதலுக்கு நேரம் ஏது என்று நீங்கள் கேட்கலாம்.

நோயாளி நினைவிழந்து கிடந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. நினைவிருந்தால் உயிர்காக்கும் உதவியை விரும்பியிருப்பார் என்று கொள்வதே முறை. சம்மதம் பெற வழியில்லாத நிலையில், ஒருவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்வதை நம் குற்றவியல் சட்டமும் பாதுகாக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் நடைமுறைகள் பிறகே என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்துள்ளது.

நினைவோடு இருப்பவரிடமோ கேட்டே ஆக வேண்டும். நெஞ்சுவலியால் துடிக்கும் ஒரு முதியவர், "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது முறையன்று. "உங்கள் இஷ்டம்" என்று திரும்பிவிடுவதும் முறையன்று. முதலில், அவர் தெளிவாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்தாலும், தலையில் அடிபட்டாலும் மனம் குழம்பக்கூடும். தெளிவாக இருந்தால், ஏன் மறுக்கிறார் என்று கேட்க வேண்டும். செலவை எண்ணி அஞ்சுகிறாரோ என்னவோ! ஆபத்தை எளிய தமிழில் எடுத்துரைத்த பின்பும் மறுத்தால், அந்த முடிவை மதித்து, அதை எழுதி வைத்து, மீண்டும் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று சொல்லிவிட்டு வருவதே நெறி.

நான்கு நெறிகள்

மருத்துவ அறநெறியை நான்காகத் தொகுத்து 1979-இல் பீச்சாம்ப், சில்ட்ரஸ் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் நூல் எழுதினர். நோயாளியின் முடிவை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், அனைவரையும் நீதியோடு நடத்துதல் என்பவையே அந்த நான்கு. நன்மை செய்கிறோம் என்ற எண்ணத்தில் முதல் நெறியை மறந்துவிடுவதே நாம் அடிக்கடி செய்யும் பிழை. டில்லிப் பெண்மணிக்கு நேர்ந்ததும் அதுவே.

மாணவியரே, உங்களுள் சிலர் நாளை நர்ஸாகவும் டாக்டராகவும் ஆம்புலன்ஸ் உதவியாளராகவும் பணியாற்றுவீர்கள். அதற்கு முன்பே, வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் குன்றும்போது ஆஸ்பத்திரித் தாளைப் படித்துக் காட்டும் பொறுப்பு உங்களிடம் வரும். அப்போது அதைப் பாட்டியின் கட்டிலருகே அமர்ந்து, அவருக்குக் கேட்கும்படி படியுங்கள். புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்க டாக்டரிடம் தயங்காதீர்கள். பாட்டி என்ன விளங்கிக்கொண்டார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். சிறு தம்பிக்கு ஊசி போடும்போதுகூட, "வலிக்காது" என்று பொய் சொல்லாமல், "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும்" என்று சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் நோயுற்றவரின் உடலைப் பற்றிய பேச்சை அவரை விலக்கி வைத்துவிட்டு நடத்தாதீர்கள். மறைப்பது அன்பு என்று நமக்குத் தோன்றலாம். உண்மையைப் பக்குவமாகச் சொல்லி, "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்பது அதனினும் பெரிய அன்பு.