நியூயார்க் முத்திரை, நாசரேத் கட்டை

பழைய சிறு கிட்டார் ஒன்றின் ஒலித்துளைக்குள் விளக்கடித்தால், ‘சி.எஃப். மார்ட்டின், நியூயார்க்’ என்ற முத்திரை தெரியும். அதை நம்பி, நியூயார்க்கில் செய்தது என்று குறிப்பெழுதிவிடக் கூடாது. ஜெர்மனியின் சாக்சனியிலிருந்து 1833இல் அமெரிக்காவுக்கு வந்த கிட்டார் தயாரிப்பாளர் மார்ட்டின், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். முத்திரையில் மட்டும் 1898 வரை நியூயார்க்கே இருந்தது. பெயரோடு ‘அண்ட் கோ’ சேர்ந்திருந்தால் அது 1867 அல்லது அதற்குப் பிந்தையது. வரிசை எண் தொடங்கியதே 1898இல்தான். மாடலின் பெயரை உள்ளே கழுத்துக் கட்டையில் பொறிக்கும் வழக்கம் வர 1930 ஆயிற்று. அதற்கு முந்தைய கிட்டார் தன் பெயரைத் தானே சொல்லாது. அளவு, மரம், விளிம்பு வேலை ஆகியவற்றைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்று நாம் சிறியது என்று சொல்லும் உடல், அன்று சிறியதே அல்ல. பதின்மூன்றரை அங்குல அகலம் கொண்ட ‘0’ அளவுதான் அக்காலத்தில் கச்சேரிக் கிட்டார். நரம்புத் தந்தி, வீட்டுக் கூடம், பத்துப் பேர் கேட்டால் போதும் என்ற இசை. 1920களில் எஃகுத் தந்தி பரவியது. 1931இல், போர்க்கப்பலின் பெயர் தாங்கிய ‘டிரெட்நாட்’ என்ற பெரிய உடல் மார்ட்டின் பெயரிலேயே கடைக்கு வந்தது. சிறு கிட்டார்கள் பரணுக்குப் போயின. நரம்புக்காகச் செய்த மெல்லிய பலகையில் எஃகை முறுக்கியதால் பலகை உப்பியது, தந்திகளைத் தாங்கும் குதிரை பெயர்ந்தது. சரிசெய்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வார்னிஷைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார்கள், முறுக்காணிகளை மாற்றினார்கள். ஆனால் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் அழித்தது அழுக்கை அல்ல, சான்றுகளை.

இன்று விவரம் தெரிந்தவர் திருப்புளியைத் தொடுமுன் கேமராவை எடுக்கிறார். உடலின் அகலம், ஆழம், தந்தி நீளம் எல்லாம் அளக்கப்படுகின்றன. பல் மருத்துவரின் சிறு கண்ணாடி ஒலித்துளைக்குள் போய், பலகைக்கு அடியில் உள்ள தாங்குசட்டங்களையும் வச்சிரம் காய்ந்த தடத்தையும் காட்டுகிறது. புற ஊதா விளக்கில் அரக்குப் பூச்சு ஆரஞ்சாக ஒளிரும். பின்னாளில் பூசிய வேறு பூச்சு அப்படி ஒளிராது. முறுக்காணியைச் சுற்றி வேண்டாத திருகுத் துளைகள் இருந்தால், அது மாற்றப்பட்டது என்று பொருள். முதுகுப் பலகை எந்த மரம் என்பது இன்று இன்னும் பெரிய கேள்வி. 1969 வாக்கில் பிரேசில் ஈட்டியை விட்டு நம் நாட்டு ஈட்டிக்கு மார்ட்டின் நிறுவனம் மாறியது. பிரேசில் ஈட்டி 1992 முதல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. அனுமதித் தாள் இல்லாமல் அது எல்லை கடக்க முடியாது.

எழுதி வைத்த ஒருவரும் உண்டு. பாடகி ஜோன் பயஸின் 1929ஆம் ஆண்டு ‘0-45’ கிட்டாரின் உட்புறத்தில், அவர் கம்யூனிஸ்டாக இருப்பது வருத்தம் என்று பழுதுபார்த்த ஒருவர் எழுதி வைத்திருந்தார். 1998இல் பயஸின் பெயரில் மார்ட்டின் நிறுவனம் வெளியிட்ட மறுவடிவத்தில் அந்த வரியும் இடம்பெற்றது. ஆவணம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: பிடிக்காததும் அதில் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிட்டார் இருந்தால், துடைப்பதற்கு முன் உள்ளும் புறமும் படம் எடுங்கள். கழற்றிய முறுக்காணியை எறியாமல் கிட்டார் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.