உங்களுக்குத் தெரியுமா? சனிக்கிழமை ஓய்ந்த தமிழ்ச் சபை

மோசேயின் நியாயப்பிரமாணத்தைப் பின்பற்றி, ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட ஒரு கிறிஸ்தவ சபை, 1857-லேயே தமிழ்நாட்டில் தோன்றியது!

● நிறுவியவர் அருமைநாயகம் சட்டம்பிள்ளை. இடம் இன்றைய தூத்துக்குடி மாவட்டம், நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரம். ஐரோப்பிய மிஷனரிகளோடு மோதிப் பிரிந்தவர். அவர் வாதம் சுவாரசியமானது: பழைய ஏற்பாட்டு இஸ்ரவேலரின் வழிபாட்டுக்கு நெருக்கமாக இருப்பது வெள்ளைக்காரர் வழக்கமல்ல, நம் நாட்டு வழக்கமே. தூபம் காட்டுவது, தரையில் விழுந்து வணங்குவது எல்லாம் வேதத்திலேயே இருக்கிறதே!

● சனிக்கிழமையை ஆசரிக்கும் அட்வென்டிஸ்ட் சபையார் இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வியந்தனர். 1908-ல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற மிஷனரி பிரகாசபுரத்துக்கே குடிவந்துவிட்டார்.

● மோசேயின் நியாயப்பிரமாணத்தை மற்ற சபைகள் எப்படிப் பார்க்கின்றன? விருத்தசேதனம் புறஜாதியாருக்குக் கட்டாயமில்லை என்று எருசலேமில் அப்போஸ்தலர் எடுத்த முடிவைப் பின்பற்றுகின்றன (அப்போஸ்தலர் 15). பலிகள் கிறிஸ்துவில் நிறைவேறின என்பது அவர்கள் விசுவாசம். லேவியராகமம் 11 விலக்கிய பன்றிக்கறிக்கும் பொதுவாகத் தடையில்லை. அட்வென்டிஸ்டுகள் போன்ற சிலர் இன்றும் அதைத் தொடுவதில்லை.

● ஆனால் தசமபாகமும் முதற்பலனும் போகவில்லை! ஊத்துக்கோட்டை முதல் கன்னியாகுமரி வரை, அறுப்பின் பண்டிகை கொண்டாடும் சபைகளில் நெல்லும் வாழைத்தாரும் கோழியும் காணிக்கையாக வந்து ஏலம் போவது அந்தப் பழைய சட்டத்தின் தொடர்ச்சிதான்.