ஏர் ரைபிளுக்கு எண்ணெய் எவ்வளவு?

நெய்வேலியில் கிரீஸ் என்றால் தாராளமாக வைத்துத்தான் கைக்குப் பழக்கம். சுரங்கத்தின் பக்கெட் வீல் இயந்திரத்துக்கும் கன்வேயருக்கும் கிரீஸ் குறைந்தால் வேலை நின்றுவிடும். அதே கையோடு வீட்டில் இருக்கும் ஸ்பிரிங் ஏர் ரைபிளைத் தொட்டால் அது கெட்டுப்போகும். இதற்கு வேண்டியது சொட்டுக் கணக்குதான்.

காரணம் உள்ளே இருக்கிறது. பேரலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய், ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு ஒரு கொக்கியில் நிற்கிறது. ட்ரிக்கரை இழுத்ததும் கொக்கி விடுகிறது. பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை நசுக்க, அந்தக் காற்று சின்னத் துளை வழியே போய் பெல்லட்டைத் தள்ளுகிறது. நொடிக்கும் குறைந்த நேரத்தில் நசுங்குவதால் காற்று கடுமையாகச் சூடேறும். அங்கே சாதாரண மெஷின் எண்ணெய் இருந்தால் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சின் ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஓடுவதும் இப்படித்தான். சத்தம் வெடி போலக் கேட்கும், பேரல் வாயில் புகை வரும், கருகிய வாடை அடிக்கும். ‘பவர் ஏறிடுச்சு’ என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். ஏறுவது செலவுதான்: வாஷர் கருகும், ஸ்பிரிங்கும் உடையலாம்.

எதைச் செய்யும் முன்பும் உள்ளே பெல்லட் இல்லை என்று பாருங்கள். பேரலை மடக்கிப் பிடித்திருக்கும்போது ஒரு கை அதை விடவே கூடாது. கொக்கி நழுவினால் பேரல் அடித்து மூடும், விரல் போய்விடும்.

பிஸ்டன் தலையில் உள்ள வாஷர் தோலா, செயற்கைப் பொருளா என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலும் தோல். அது காய்ந்து சுருங்கினால் காற்று கசிந்து, பெல்லட் வேகம் குறையும். ஏர் ரைபிளுக்கென்று விற்கும் சிலிகான் எண்ணெயில் ஓரிரு சொட்டு, காற்று வரும் துளையில் விட்டு, பேரலை மூடி, கட்டை கீழே இருக்கும்படி ஓர் இரவு நிறுத்தினால் போதும். செயற்கை வாஷருக்கு இதுவும் அநேகமாகத் தேவைப்படாது. பேரல் மடங்கும் மூட்டுக்கு சிலிகான் உதவாது. இரும்போடு இரும்பு உரசும் இடத்துக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் எங்கேயும் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

ஸ்பிரிங்குக்கும் அதே கிரீஸ்தான். ஆனால் அதற்காக நீங்களே கழற்றாதீர்கள். மடக்காத நிலையிலும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. மூடியைத் தளர்த்தினால் முகத்தில் பாயும். அது தெரிந்தவர் கையில் செய்யும் வேலை.

பேரலுக்குள் எண்ணெய் விட வேண்டாம். குறி தவற ஆரம்பித்தால் மட்டும் உலர்ந்த துணித்துண்டை இழுத்துத் துடையுங்கள். இரும்பு பிரஷ் உள்வரிகளைக் கீறிவிடும். ஒவ்வொரு சுடுதலின் உதறலிலும் கட்டைத் திருகுகள் தளரும், அவற்றை அவ்வப்போது முடுக்குங்கள். பேரல் மூட்டின் மேல் ஒரு மெல்லிய காகிதத் துணுக்கை வைத்துச் சுட்டுப் பாருங்கள். பறந்தால் அங்கே உள்ள ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது.

பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவது ரொம்பக் கெடுதல். எதிர்ப்பு இல்லாததால் பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் மோதும். மடக்கியபடியே மணிக்கணக்கில் வைத்தால் ஸ்பிரிங் தளரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கை வியர்வை பட்ட இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். எண்ணெய் தொட்ட துணியால் வெளி இரும்பைத் துடைத்து வையுங்கள். ஸ்பாஞ்ச் வைத்த உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். பெல்லட் ஈயம் என்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கலந்துகொள்ளும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்கு இந்த வகைத் துப்பாக்கி இப்போது வருவதில்லை. அங்கே அடைத்த காற்றில் இயங்குவதுதான், அதன் பராமரிப்பே வேறு.

கடைசியாக, கூடுதல் பலமுள்ள ஸ்பிரிங் மாட்டும் ஆசை வேண்டாம். 2016 ஆயுத விதிகளின்படி துளை 4.5 மில்லிமீட்டரோ சக்தி 20 ஜூலோ தாண்டினால் உரிமம் கட்டாயம். மயிலையும் மற்ற காட்டுப் பறவைகளையும் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அட்டையில் குறி வரைந்து, பின்னால் மண்மூட்டை அடுக்கிச் சுடுங்கள்.