டி செல் கிருமியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அடிக்கடி காய்ச்சல் வந்தால் ‘எதிர்ப்புச் சக்தி குறைவு’ என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சக்தியின் முக்கியக் காவலாளி டி செல் எனும் வெள்ளை அணு. கிருமி புகுந்த செல்லின் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான புரதத் துண்டுகள் இருக்கும். கிருமியுடையவை மிகச் சில. அந்தச் சிலவற்றைத் தொட்டே டி செல் விழித்துக்கொள்கிறது. ஆள் மாறினால் நம் உடலையே தாக்கும். பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு அப்படிப்பட்டதே.

இதைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. ஒரு மில்லிமீட்டரில் 5,000இல் ஒரு பங்கைவிட நெருக்கமான இரு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒளியின் இயல்பு அது.

எனவே புரதங்களில் ஒளிரும் சாயத்தை ஒட்டி, கல்யாண வீட்டு சீரியல் பல்பு போல, ஒரு நேரத்தில் சிலவற்றை மட்டும் மின்ன விடுகிறார்கள். தனியே மின்னும் ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் குறித்து, ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றுசேர்த்தால் வரைபடம் கிடைக்கும். தனி மூலக்கூறைப் பார்க்க வழிகாட்டிய மோர்னர், பெட்சிக் இருவரும் ஸ்டெஃபான் ஹெல்லுடன் 2014இல் வேதியியல் நோபல் பெற்றனர்.

ஆனால் படம் ஏமாற்றவும் செய்யும். அமைதியாக இருக்கும் டி செல்லிலும் ஏற்பிகள் கூட்டமாக இருப்பதாகச் சில ஆய்வுகள் கூறின. ஒரே மூலக்கூறு பலமுறை மின்னுவதே கூட்டமாகத் தெரிகிறது, அவை சிதறித்தான் இருக்கின்றன என்று 2018இல் வியன்னா ஆய்வாளர்கள் மறுத்தார்கள்.

இது வெறும் ஆய்வுக்கூடச் சண்டை அல்ல என்றே நினைக்கிறோம். ரத்தப் புற்றுநோய்க்கு, நோயாளியின் டி செல்லிலேயே செயற்கை ஏற்பி பொருத்திச் சிகிச்சை தருகிறார்கள். அந்த ஏற்பி விழிக்க, இயற்கை ஏற்பியைவிடப் பல மடங்கு மூலக்கூறுகள் தேவை. அடையாளத்தைக் குறைத்துக்கொள்ளும் புற்றுசெல்கள் இதனால் தப்பிவிடுகின்றன.