பிறந்தநாளில் வராத பிறந்தநாள் விடுமுறை

அமெரிக்காவில் பிப்ரவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை பொது விடுமுறை. ‘எல்லா அதிபர்களையும் போற்றும் நாள்’ என்றே வகுப்பில் சொல்லி வந்தேன். “அப்படியானால் நாட்காட்டியில் ஏன் சார் ‘வாஷிங்டன் பிறந்தநாள்’ என்று இருக்கிறது?” என்று எட்டாம் வகுப்பு மாணவி கேட்டாள். “நாளை சொல்கிறேன்” என்றேன்.

தேடிப் படித்தபோது, நான் சொன்னது பாதிதான் சரி என்று புரிந்தது. முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது 1732 பிப்ரவரி 22. அந்நாள் 1879-இல் தலைநகரில் உள்ள மத்திய அரசு ஊழியர்களுக்கும், 1885-இல் நாடு முழுவதும் உள்ள மத்திய அரசு ஊழியர்களுக்கும் விடுமுறையானது. தொடர் விடுமுறை கிடைக்க, 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றியது. 1971-இல் நடைமுறைக்கு வந்தது. ஆபிரகாம் லிங்கன் பிறந்த பிப்ரவரி 12-உம் அருகில் இருப்பதால் ‘அதிபர்கள் தினம்’ என்ற பெயர் பரவியது. மத்திய அரசின் சட்டத்தில் இன்றும் ‘வாஷிங்டன் பிறந்தநாள்’தான்.

மறுநாள் என் தவறைச் சொல்லிவிட்டு, ஒரு கணக்குக் கொடுத்தேன்: மூன்றாம் திங்கள் எந்தெந்தத் தேதிகளில் வரும்? முதல் திங்கள் 1 முதல் 7-க்குள். எனவே மூன்றாவது 15 முதல் 21-க்குள். “22 வரவே வராதே சார்!” என்றனர் மாணவர்கள்.

காந்தி ஜெயந்தியையும் காமராசர் பிறந்தநாளையும் நாம் உரிய தேதியிலேயே கொண்டாடுகிறோம். தேதி முக்கியமா, நினைவு முக்கியமா? உங்கள் வகுப்பிலும் விவாதிக்கச் சொல்லுங்கள்.