வனத்துச் சின்னப்பரும் நாலு நம்பரும்

பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தாலும், தோட்டத்து ஆட்கள் வாயில் அந்த ஊர் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கே உள்ள கத்தோலிக்க ஆலயத்துக்குப் பாதுகாவலர் வனத்துச் சின்னப்பர். எகிப்து நாட்டுப் பவுல். உலகத்தை விட்டு விலகிப்போன முதல் துறவி என்று திருச்சபை போற்றுபவர். 'பவுலுஸ்' என்றால் லத்தீனில் சிறியவர் என்று பொருள். அதனால் நம் முன்னோர் அவரைச் சின்னப்பர் என்றார்கள். திருநாள் ஜனவரி 15, பொங்கலை ஒட்டி வரும்.

காட்டுக்குள் போய்விட்டால் சோதனை வராது என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். எங்களைச் சுற்றிலும் பால்மரக் காடுதான் இருந்தது. சோதனைக்கு ஒரு குறைவும் இருந்ததில்லை.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் என்றே ஒரு தோட்டம் உண்டு. 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட இடம் அது. பெயர் மட்டும் தென்னையுடையது. அந்தத் தென்னையிலிருந்து இறக்கிய கள்தான் நம் பாட்டன்மாரின் சம்பளத்தைப் பல காலம் விழுங்கியது. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஆபீசில் சம்பளம் போடுவார்கள். லயத்துக்குத் திரும்பும் வழியிலேயே கடை. வாங்கிய பணம் வீடு வந்து சேர்வதற்கு ஒரு பெண்பிள்ளை வாசலில் காத்து நிற்க வேண்டியிருந்தது.

1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் சம்பள உயர்வு இருந்தது. மேலதிகாரியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் இருந்தது. கூடவே, கள்ளுக்கடையை மூடு என்ற கோரிக்கையும் இருந்தது. குடிக்கிறவனே கடையை மூடச் சொன்னான். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் அந்த எழுச்சியில் ஓர் உயிரும் போனது. அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் நம் ஆலயங்கள் அவர்களிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தனி மனிதனின் மன உறுதியை நம்பி அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. கடை வாசலுக்குக் கூட்டமாகப் போய் நின்றார்கள்.

எங்கள் லயத்தில் சனிக்கிழமை மாலை ஒரு வீட்டில் செபம் நடக்கும். பாய் விரித்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, செபமாலை சொல்வோம். முடிந்ததும் வரக்கோப்பியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கிடைக்கும். வயதான உபதேசியார் ஒருவர் வந்தவர்களை எண்ணுவார். யாராவது வரவில்லையென்றால் பேசாமல் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு நடப்பார். திட்டியதாக நினைவில்லை. "வாப்பா, நீ இல்லாம ஆரம்பிக்க முடியல" என்று சொல்லிக் கூட்டிவந்து உட்கார வைப்பார். சனிக்கிழமை சாயங்காலம் எட்டு மணியைத் தாண்டிவிட்டால் அன்றைக்குக் கள்ளுக்கடை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய இறையியல் அவ்வளவுதான். எத்தனையோ குடும்பங்கள் அதனால் பிழைத்தன.

மத்தேயு நற்செய்தி நாலாம் அதிகாரத்தில் இயேசுவுக்கு வந்த மூன்று சோதனைகளைத் தவக்காலத்தில் கேட்கிறோம். பசியோடு இருப்பவரிடம் கல்லை அப்பமாக்கச் சொல்லும் முதல் சோதனையைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டாயிற்று. என்னை உறுத்துவது இரண்டாவது. கோவில் உச்சியிலிருந்து குதி, கடவுள் தாங்கிக்கொள்வார் என்கிறான் சாத்தான். நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவன் செய்வது அச்சு அசலாக இதுதான். குதித்துவிட்டுத் தாங்கச் சொல்கிறான். கனவில் வந்த எண், விபத்தில் நசுங்கிய காரின் எண், செத்துப்போனவரின் அடையாள அட்டை எண் என்று எதையும் விடுவதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி நம்பர் கேட்கிற கிறிஸ்தவர்களையும் எனக்குத் தெரியும்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. 'பிக்' பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அடுத்த பத்து எண்களுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்துக்கும் தலா 60. பத்தாயிரம் எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் திரும்பி வருவது மொத்தமே 6,400. கட்டிய ஒவ்வொரு வெள்ளியிலும் 36 காசு போனது போனதுதான். வாரத்தில் புதன், சனி, ஞாயிறு என மூன்று நாள் குலுக்கல். உபதேசியார் காப்பாற்றிய சனிக்கிழமையும் திருப்பலி நாளான ஞாயிறும் அதில் அடக்கம்.

ஆனால் நம்பர் கடைக்காவது ஒரு வாசல் உண்டு. உள்ளே போகிறவனை மாமா பார்ப்பார், மச்சான் பார்ப்பான், ஆலயத்துக்கு வருகிற அக்கா பார்ப்பார். இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வது கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் சூதாட்டம். பொது சூதாட்ட விடுதிச் சட்டமும் பந்தயச் சட்டமும் 1953-இல் எழுதப்பட்டவை. அந்தக் காலத்தில் சூதாட்டம் என்றால் ஒரு வீடு, ஒரு கதவு, உள்ளே ஒரு மேசை. இன்று பிள்ளை போர்வைக்குள் படுத்தபடியே ஒரு மாதச் சம்பளத்தைத் தோற்கிறான். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குக்கூடத் தெரிவதில்லை. வட்டிக்குக் கடன் கொடுத்த ஆலோங்கின் ஆட்கள் வந்து கதவில் சிவப்புச் சாயம் ஊற்றும்போதுதான் அம்மாவுக்கே விவரம் தெரிகிறது.

குடிக்கும் சூதுக்கும் வேர் வறுமை, சம்பளத்தை உயர்த்தாமல் பிரசங்கம் செய்து பயனில்லை என்பவர்கள் உண்டு. சம்பளம் உயரத்தான் வேண்டும். கைப்பேசிச் சூதாட்டம் உயர்ந்த சம்பளத்தையும் விழுங்கும் என்பதே என் அச்சம்.

தோட்டங்கள் துண்டானபின், லயங்கள் இடிந்தபின், நம் மக்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ரவாங் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறிப்போனார்கள். இரும்புக் கிரில் போட்ட கதவை யார் தட்டுவது? மெதடிஸ்ட் திருச்சபையார் குடியையும் சூதையும் விலக்கும் நெறியைக் கட்டிக்காக்கிறார்கள். கடைவீட்டு மாடிகளில் கூடும் பெந்தெகொஸ்தே சபைகளில், நான் விட்டுவிட்டேன் என்று எழுந்து நின்று சாட்சி சொல்கிறார்கள். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். கத்தோலிக்கரான நமக்கும் ஒரு வழி வகுத்துத் தரப்பட்டிருக்கிறது. 1976-இல் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் கூடிப் பேசி, அக்கம்பக்க வீடுகள் சேர்ந்த சிறு சமூகங்களாகத் திருச்சபையைக் கட்டத் தீர்மானித்தார்கள். அன்பியம் என்று நாம் சொல்வது அதைத்தான். வாசகம் படித்துக் காப்பி குடித்துக் கலைவதற்கு மட்டும் அது ஏற்படவில்லை.

சின்னப்பரின் கதையைப் புனித ஜெரோம் எழுதியிருக்கிறார். நாள்தோறும் ஒரு காகம் அவருக்கு அரை ரொட்டி கொண்டுவரும். முதுமையில் வனத்து அந்தோணியார் அவரைத் தேடிக் கண்டுபிடித்து வந்த அன்று, காகம் முழு ரொட்டியைக் கொண்டுவந்தது. அதை யார் பிட்பது என்று இருவரும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே பொழுது சாய்ந்தது. கடைசியில் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பகிர்ந்தார்கள். உலகத்தையே துறந்தவரையும் ஒருவர் தேடிப் போக வேண்டியிருந்தது.

அன்பியப் பொறுப்பாளர்களே, சம்பளம் போட்டு வரும் முதல் சனிக்கிழமை மாலையில் கூட்டத்தை வையுங்கள். வராதவர் யார் என்று எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்து போங்கள்.