பிறநாட்டு மகவேற்பு

பிறர் ஈன்ற மகவைத் தம் மகவாக ஏற்று வளர்க்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. தத்து என்றும் சுவீகாரம் என்றும் வழங்கும் இதனை நம் நாட்டுச் சட்டம் மகவேற்பு எனக் குறிக்கும். 1707ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் சட்டமாக்கப்பெற்ற தேசவழமையிலும் இதற்கு இடமுண்டு. பிள்ளையில்லாதார் உரிமைச் சுற்றத்தாரின் இசைவைப் பெற்று, மஞ்சள் நீர் குடித்துப் பிள்ளையை ஏற்றனர். செயல் பலரறிய நிகழ்ந்தமையால் பிள்ளையின் பிறப்பு மறைபொருளாதற்கு வழியில்லை.

பிள்ளை கடல் கடந்து செல்லுங்கால் நிலைமை வேறாகின்றது. நாடு, மொழி, பெயர் யாவும் மாறுகின்றன. சான்று கூறுதற்குச் சுற்றத்தார் இலர். எஞ்சுவது பத்திரம் ஒன்றே. அப்பத்திரம் மெய்யுரைக்கின்றதா என்பதே பிறநாட்டு மகவேற்பின் தலையாய வினாவாகும்.

இவ்வழக்கம் பெருகியதற்குக் கொரியப் போர் (1950–1953) ஒரு காரணமாயிற்று. 1955இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹரி ஹோல்ற் என்பாரும் அவர் மனைவியாரும் எண்மர் கொரியக் குழந்தைகளை ஏற்றனர். அதன்பொருட்டு அந்நாட்டுச் சட்டமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. இரக்கத்தில் தோன்றிய இம்முயற்சி நாளடைவிற் பெருந்தொழில் போன்றதாயிற்று. போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1985இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட குழந்தைகள் தென்கொரியாவினின்றும் அனுப்பப்பட்டனர். பெற்றோர் உயிரோடிருக்கவும் அநாதைகள் எனப் பதியப்பட்ட பிள்ளைகள் இருந்தனர் என்பதை அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2025இல் வெளிப்படுத்தியது.

இத்தகைய தீமை எவ்வாறு விளைகின்றது? பிள்ளையை வேண்டுவோர் பலர். ஏற்றற்குரிய பிள்ளைகள் சிலர். வேண்டுவோரிடத்துப் பொருளும் ஈன்றாளிடத்து வறுமையும் இருப்ப, இடைநிற்போர்க்கு ஊதியம் கிடைக்கின்றது. ஆகவே, இல்லமற்ற குழந்தைக்கு இல்லம் தேடும் அறம் மாறி, குழந்தையற்ற இல்லத்துக்குக் குழந்தை தேடும் வாணிகம் பிறக்கின்றது. ஏற்ற பெற்றோருட் பலர் இதனை அறிந்திலர். அவர்தம் அன்பும் பொய்யன்று.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 1970களிலும் 1980களிலும் பெரும்பாலாகச் சென்று, இலங்கையிலிருந்து ஐரோப்பாவை அடைந்த குழந்தைகள் ஏறத்தாழ 11,000 பேர் என மதிப்பிடுவர். நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து, சுவீடன் முதலியன அவர்களை ஏற்ற நாடுகளாகும். தாயின் சம்மதத்தைச் சட்டம் வேண்டியது. அதனை நிறைவு செய்தற்கு, கூலி பெற்றுத் தாயெனத் தோன்றிய பெண்களும் இருந்தனர். 1987இல் அரசு இம்மகவேற்பைச் சிறிது காலம் நிறுத்தியது. 1992இற் சட்டம் திருத்தப்பட்டது. அன்று சென்றவர் இன்று நடுவயதினராய்த் தாயைத் தேடி வருகின்றனர். பத்திரத்திற் கண்ட பெண்ணைக் கண்டுபிடித்த பின்னரும், மரபணுச் சோதனை அவள் தாயல்லள் எனக் கூறக் கேட்டோர் உளர்.

இக்கேட்டைத் தடுக்க 1993இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் உறுதிப்பாட்டினால் அது 1995ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. அதன் விதிகளுள் நான்கு முதன்மையானவை. பிறந்த நாட்டிலேயே குழந்தைக்குத் தக்க குடும்பம் கிடைக்குமா என முதலில் ஆராய்தல் வேண்டும். தாயின் சம்மதம் மகப்பேற்றின் பின்னரே, பொருளாசை காட்டாது பெறப்படுதல் வேண்டும். எவரும் முறையற்ற ஊதியம் பெறலாகாது. பெற்றோர் யார் என்பது முதலிய பிறப்புவிவரங்கள் பேணிக் காக்கப்படுதல் வேண்டும்.

எனினும், பழைய தவறுகளின் நிழல் நீங்கவில்லை. நெதர்லாந்து அரசு அமைத்த ஆணைக்குழு இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நிகழ்ந்த மகவேற்புகளை ஆராய்ந்து, பெருங்குறைகளை 2021இல் வெளியிட்டது. 2024இல் அந்நாடு புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. அவ்வாண்டிலேயே சீனாவும், உறவினர் ஏற்கும் சில நேர்வுகள் நீங்கலாக, தன் குழந்தைகளைப் பிறநாட்டார்க்கு அளிப்பதைக் கைவிட்டது. வாயிலை முற்றும் அடைத்தல் நன்றோ எனின், புகலற்ற நோயாளிக் குழந்தைக்கு அதுவும் கேடாகலாம் என்பாரும் உளர். இரு சாராரும் உடன்படுவது ஒன்றுண்டு: மெய்யான பதிவின்றி மகவேற்பு இல்லை.

பாரதத்திற் கர்ணனை வளர்த்த இராதை அன்பிற் குறைந்தவளல்லள். இறுதிவரை தன்னை அவள் மகனென்று கூறுவதிற் கர்ணனும் பெருமை கொண்டான். அவனுக்கு நேர்ந்த துயரம் பிறர் மனையில் வளர்ந்ததனால் விளைந்ததன்று. பிறப்பின் உண்மை போர் மூளுங்காலம் வரை மறைக்கப்பட்டதனால் விளைந்தது. வளர்த்த தாயின் அன்பும் ஈன்ற தாயைப்பற்றிய அறிவும் ஒன்றையொன்று பகைப்பனவல்ல. இரண்டையும் பெறுதற்குப் பிள்ளைக்கு உரிமையுண்டு. தன்பொருட்டுப் பேசமாட்டாத குழவியின் சார்பில் அவ்வுரிமையைக் காத்தல், கொடுக்கும் நாட்டுக்கும் கொள்ளும் நாட்டுக்கும் ஒருங்கே உரிய கடனாகும்.